எழுத்தெண்ணிப் படிக்காத கருவிகள்: ஒருங்குறித் தமிழும் நிரலாக்க வழக்கமும்

முன்னுரை

ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று பாராட்டுவது தமிழ் மரபு. இன்று எழுத்தெண்ணும் வேலையும் சொல்லெண்ணும் வேலையும் பெரும்பாலும் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு போன்ற பணிகள் ஆண்டுக்கணக்கான மனித உழைப்பை வேண்டி நின்றன. அத்தகைய எண்ணிக்கையை இன்று முதுகலை மாணவர் ஒருவர் சில வரி நிரலைக் கொண்டு சில நொடிகளில் பெற்றுவிட முடிகிறது. அவ்வாறு பெறப்படும் எண்கள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பது தமிழாய்வுலகம் இன்னும் போதிய அளவு எழுப்பாத வினாவாகும்.

இவ்வினாவின் கடுமையை ஒரு சிறு சோதனை உணர்த்தும். பைத்தான் மொழிவழி நிகழும் பனுவலாய்வுகளில் பரவலாகப் பயன்படும் சைக்கிட்-லேர்ன் நிரலகத்தில் சொற்களைப் பிரித்தெண்ணும் கருவி ஒன்று உள்ளது. அதன் இயல்பிருப்பு அமைப்பை மாற்றாமல் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்து சொற்களை அதனுள் இட்டால், குறிஞ்சியும் முல்லையும் பாலையும் சுவடின்றி மறைகின்றன. மருதம் என்பது 'மர', 'தம' என இரண்டாக உடைகிறது. நெய்தல் என்பதிலிருந்து 'தல' மட்டுமே எஞ்சுகிறது. கருவி எவ்விதப் பிழைச்செய்தியும் தருவதில்லை; பட்டியல் ஒழுங்காகவே வந்து நிற்கிறது. ஐந்திணையுள் மூன்றை இழந்த ஒரு பட்டியலின் மீது திணைசார் ஆய்வுமுடிவு ஒன்று எழுப்பப்படுமாயின், அதன் அடித்தளம் யாதென்று சொல்லவேண்டுவதில்லை.

இக்குறைக்கு ஒருங்குறியே காரணம் என்பது தமிழ்ச்சூழலில் அடிக்கடி கேட்கப்படும் கருத்து. அது முழு உண்மையன்று. எழுத்து எது, சொல் எது என்பதை மென்பொருள் உருவாக்கக் கருவிகள் தாமே ஓர் அலகால் அளந்துகொள்கின்றன. அந்த அலகு இன்னதென்று ஆய்வாளர் வினவுவதில்லை. சிக்கல் இவ்விரண்டுக்கும் இடையில்தான் உள்ளது. அதனைத் தீர்க்கும் பொறுப்பில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

ஒரு சொல், மூன்று நீளம்

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் மூன்று என்பார். கணினி மொழிகள் இவ்வினாவுக்கு ஒரே விடை தருவதில்லை. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஐந்து என்கின்றன. கோ மொழியின் நீளங்காணும் செயற்கூறு பதினைந்து என்கிறது. ஸ்விஃப்ட் மொழி மூன்று என்கிறது.

இவற்றுள் எதுவும் கணக்குப் பிழையன்று. ஒவ்வொன்றும் எண்ணும் பொருள் வேறு. ஒருங்குறி ஒவ்வோர் அடிப்படைக் குறிக்கும் ஒரு குறியெண் வழங்குகிறது. தகரம், மகரம், மேல்விலங்கு, ழகரம், புள்ளி என இச்சொல்லுக்குக் குறியெண்கள் ஐந்து. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழின் முதன்மைப் பகுதியிலுள்ள ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டு இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பதினைந்து பைட்டு. ஒருங்குறிச் சேர்த்தியம் வெளியிட்டுள்ள 29-ஆம் எண் இணைப்பு, பயனர் ஓர் எழுத்தாக உணரும் குறிகளின் தொகுதியை 'கிராஃபீம் கிளஸ்டர்' எனப் பெயரிட்டு வரையறுக்கிறது. இதனை எழுத்துத்திரள் எனலாம். அவ்விணைப்பு காட்டும் எடுத்துக்காட்டுகளுள் தமிழின் 'நி' என்பதும் ஒன்று. இவ்வலகால் எண்ணுவதாலேயே ஸ்விஃப்ட் மூன்று என்னும் விடையைத் தருகிறது.

பைட்டு என்பது சேமிப்பின் அலகு; குறியெண் என்பது குறியீட்டின் அலகு; எழுத்து என்பது மொழியின் அலகு. ஆங்கிலத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், ஆங்கிலத்தை முன்னிறுத்தி உருவான கருவிகள் இவற்றை வேறுபடுத்தவேண்டிய தேவையை நெடுங்காலம் உணரவில்லை. தமிழில் இம்மூன்றும் முதற்சொல்லிலேயே வேறுபட்டுவிடுகின்றன.

விளைவுகள் சிறியனவல்ல. 'விகடகவி' என்னும் சொல் முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கப்படுவது யாவரும் அறிந்தது. குறியெண்களைத் தலைகீழாக்கி ஒப்பிடும் வழக்கமான நிரலோ அது அவ்வாறு அன்று என மறுக்கிறது. தலைகீழாக்கும்போது ஈற்று வகரத்தின் மேல்விலங்கு தன் மெய்யைப் பிரிந்து முன்னே வந்து தனியே நிற்பதே காரணம். மாலைமாற்றுப் பாடல்களை இத்தகைய நிரலால் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். எதுகை காண்பதற்காக 'பாடல்' என்னும் சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கேட்டால், டகரத்துக்கு மாறாகத் துணைக்கால் மட்டும் விடையாக வருகிறது. யாப்பாய்வுக்கு எழுதப்படும் நிரல் இவ்வலகை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாவிடில், பின்னர் வரும் சீர்பிரிப்பும் தொடை காணலும் பயனற்றுப்போகும்.

சொல் சிதையும் இடம்

முன்னுரையில் கண்ட திணைப்பெயர்களின் சிதைவு எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்வது இன்றியமையாதது. பனுவலில் சொற்களைப் பிரிக்க 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' எனப்படும் தேடல்வாய்பாடு பயன்படுகிறது. அதில் சொல்லுக்குரிய குறி எது என்பதைச் சுட்டும் சுருக்கக்குறி ஒன்றுண்டு. பைத்தானின் உள்ளமைந்த வாய்பாட்டு நிரலகம் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லுக்குரியனவாகக் கொள்கிறது. ஒருங்குறியின் பண்புப் பட்டியலில் தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' என்னும் வகையில் இடம்பெறவில்லை. 'சார்குறி' என்னும் வகையில் உள்ளன. ஆகவே ஒவ்வோர் உயிர்க்குறியும் ஒவ்வொரு புள்ளியும் கருவியின் பார்வையில் இடைவெளிக்கு நிகரான ஒரு வெட்டாகிவிடுகின்றன. சைக்கிட்-லேர்ன் கருவி இதற்குமேல், ஒற்றைக்குறியாக எஞ்சும் துண்டுகளை நீக்கியும் விடுகிறது. ஆங்கிலத்தில் ஓரெழுத்துத் துண்டுகளைப் புறக்கணிப்பது ஓரளவு பொருந்தும். தமிழில் இந்நடைமுறை வீடு, நாடு, காடு என்னும் சொற்களை முற்றாக அழிக்கிறது. படை, படி, படு என்னும் மூன்று வெவ்வேறு சொற்களையும் 'பட' என்னும் ஒரே உருவாக்கி ஒன்றாக எண்ணுகிறது.

ஒருங்குறிச் சேர்த்தியத்தின் 18-ஆம் எண் தொழில்நுட்பத் தரம், சொல்லுக்குரிய குறிகளுள் சார்குறிகளும் அடங்கவேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. பெர்ல் மொழி இவ்வாறே நடந்துகொள்கிறது. ஆகவே ஒரே பனுவலை, ஒரே தோற்றமுடைய வாய்பாட்டைக் கொண்டு, இரு மொழிகளில் எண்ணும் இருவர் இருவேறு முடிவுகளை அடைவர். தரம் உண்டு, வழியும் உண்டு. கருவியின் இயல்பிருப்பு அதனைப் பின்பற்றவில்லை என்பதே இங்குப் புலனாகிறது.

இப்பிழை சிறு நிரல்களோடு நின்றுவிடவில்லை. 2019-இல் வெளியான ஜிபிடி-2 என்னும் மொழிமாதிரி, பனுவலைத் துண்டாக்கும் தன் முதற்படியில் எழுத்து என்னும் வகையையும் பிறவற்றையும் வெவ்வேறாகப் பிரித்தது. அதனால் 'தமிழ்' என்னும் சொல் 'தம', மேல்விலங்கு, 'ழ', புள்ளி என நான்காக உடைந்த பின்னரே மாதிரியைச் சென்றடைந்தது. 2024-இல் வெளியான ஜிபிடி-4ஓ மாதிரிக்குரிய துண்டாக்க வாய்பாட்டில் சார்குறிகள் எழுத்துகளோடு சேர்க்கப்பட்டுள்ளன. திருத்தம் வாய்பாட்டில் சிறிய மாற்றந்தான். அதற்கு ஐந்தாண்டுகள் ஆயின.

மாறிகளுக்குப் பெயரிடும் விதியிலும் இதே குறையைக் காணலாம். பைத்தான் 3-இல் 'வீடு' என்று ஒரு மாறிக்குப் பெயரிட இயலும். கோ மொழியில் இயலாது. அதன் விதிப்படி பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியன மட்டுமே வரலாம், சார்குறி வரலாகாது. மெய்யெழுத்தோ அகரமல்லாத உயிர்மெய்யோ வரும் எச்சொல்லும் அங்குப் பெயராக அமையாது. உலகின் எழுத்துமுறைகள் அனைத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையை 1992-இல் வகுத்த கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரே கோ மொழியை வடிவமைத்த மூவருள் இருவர் என்பது கருதத்தக்கது. பல்பைட்டுச் சேமிப்பை முழுமையாகத் தீர்த்தவர்களின் கருவியிலும் மொழியின் அலகு விடுபட்டுப்போகக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

ஒரு தோற்றம், இரு பதிவு

கொகரத்தை ஒருங்குறியில் இருவகையாகப் பதியலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒருமுறை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இடுவது மற்றொருமுறை. இரண்டும் ஒன்றே என ஒருங்குறித் தரம் அறிவிக்கிறது; இயல்பாக்கம் என்னும் செயலால் இரண்டையும் ஒருவடிவாக்கலாம். எனினும் பெரும்பாலான நிரல்மொழிகளின் ஒப்பீட்டுக்குறி இயல்பாக்கத்தைத் தானாகச் செய்வதில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கொடை' என்னும் சொல் அடைவில் இரண்டு பதிவுகளாக நிற்கும். ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் குறைந்து காணப்படும்.

இயல்பாக்கத்தாலும் தீராத வகை ஒன்றுண்டு. 'ஔவையார்' என்பதை ஔகாரத்தால் தட்டச்சுச் செய்வோரும் உளர். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'ஒளவையார்' எனச் செய்வோரும் உளர். பின்னது ஒருங்குறியைப் பொறுத்தவரை வேறு சொல். நூலகப் பட்டியலிலோ மின்தொகுப்பிலோ ஒன்றைத் தேடுபவருக்கு மற்றொன்று கிட்டாது. இதனைத் திருத்தக் கணினி அறிவு மட்டும் போதாது. எங்கே ளகரம் உண்மையான ளகரம், எங்கே அது ஔகாரத்தின் போலி என்பதைத் தமிழறிந்தவரே விதியாக எழுதித் தரவேண்டும்.

அகரவரிசையும் இத்தகையதே. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி, பிற இந்திய எழுத்துகளோடு ஒத்திருக்கும்பொருட்டு இஸ்கி குறியீட்டின் வரிசையைப் பின்பற்றி 1991-இன் முதற்பதிப்பிலேயே அமைந்துவிட்டது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் நிற்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்ட எண்ணைப் பெற்றுள்ளது. ஆகவே குறியெண்வழி வரிசைப்படுத்தும் நிரல், 'அகம்' என்பதை முன்னும் 'அக்கறை' என்பதைப் பின்னும் வைக்கிறது; தமிழ் அகராதி மரபு இதற்கு நேர்மாறானது. தமிழுக்குரிய வரிசைவிதிகள் சிஎல்டிஆர் என்னும் பொதுத்தரவில் உள்ளன. ஐசியு நிரலகம் அவற்றைச் செயற்படுத்துகிறது. ஆயினும் நிரலர் அதனை வேண்டி அழைத்தாலன்றி அது செயற்படாது.

பழந்தமிழ்க் கணக்கியலையும் கல்வெட்டுகளையும் ஆராய்வோர் கருதவேண்டிய பிறிதொன்றும் உண்டு. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019-இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் இடம்பெற்றன. இவை முதன்மைப் பகுதிக்கு வெளியே இருப்பதால் யூடிஎஃப்-8 முறையில் நான்கு பைட்டு கொள்கின்றன. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிவந்த சேமிப்புவகை ஒரு குறிக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. நான்கு பைட்டையும் ஏற்கும் வகை பின்னர் வந்தது. 2018-இல் வெளியான 8.0 பதிப்பில் அதுவே இயல்பிருப்பாயிற்று. பழைய வகையில் அமைந்த தரவுத்தளம் எழுத்து முழுவதையும் ஏற்றுக்கொண்டு பின்னங்களை மட்டும் இழக்கக்கூடும்.

குறியீட்டின் குறையா, கருவியின் குறையா

இச்சிக்கல்களைக் காட்டி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியெண் வழங்கும் தனிக்குறியீடே தீர்வு என வாதிடுவோர் உளர். அவ்வாறு உருவான டேஸ்-16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. எழுத்தை எண்ணுதல், வரிசைப்படுத்துதல் ஆகியவற்றில் அம்முறையின் எளிமை மறுக்கவியலாதது. 'தமிழ்' என்பது அதில் மூன்றே குறியெண்.

எனினும் அம்முறை ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதியிலுள்ள எண்களுக்கு எப்பண்பும் வரையறுக்கப்படவில்லை. அவை எழுத்தா, எண்ணா, குறியா என்பதைக் கருவிகள் அறியா. உயிர்க்குறியைச் சொல்லின் பகுதியாக ஏற்காத பைத்தான் வாய்பாடு, தனிப்பயன் பகுதியிலுள்ள குறிகளில் ஒன்றையும் சொல்லின் பகுதியாக ஏற்காது. பாதி சிதையும் சொல்லுக்கு மாறாக முழுதும் மறையும் சொல்லே விளைவாகும். மேலும் ஒருங்குறியில் ஒருமுறை இடம்பெற்ற குறியின் எண் மாற்றப்படுவதில்லை என்பது அச்சேர்த்தியத்தின் உறுதி. கோடிக்கணக்கான பக்கங்கள் அதில் பதிவாகிவிட்ட நிலையில், பொதுப் பரிமாற்றத்துக்குப் பிறிதொரு குறியீட்டை எதிர்நோக்கியிருப்பது காலவிரயமே.

வேறொரு காரணமும் உண்டு. எந்தக் குறியீடும் இலக்கணத்தின் இடத்தை நிரப்ப இயலாது. கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கின் பதினாறு எழுத்தும் நிரையசையில் தொடங்கின் பதினேழு எழுத்தும் பெறும். அவ்வெண்ணிக்கையில் ஒற்று சேராது. ஆகவே எழுத்துத்திரளைச் செம்மையாக எண்ணும் கருவியும் இங்குத் தவறான விடையையே தரும். புள்ளியெழுத்தை விலக்கி எண்ணுமாறு அதற்குச் சொல்லவேண்டும். முதலெழுத்து முப்பது, சார்பெழுத்து மூன்று எனத் தொல்காப்பியம் வகுக்கும் எழுத்தும், பள்ளியில் கற்பிக்கப்படும் 247 எழுத்தும், அச்சில் காணும் வடிவும், அலகிடும்போது கொள்ளப்படும் எழுத்தும் வெவ்வேறு நோக்கில் எழுந்த வெவ்வேறு கணக்குகள். எந்த ஆய்வுக்கு எந்த எழுத்து என்பது இலக்கண வினா; அதற்கு நிரலர் விடையளிக்க இயலாது.

தமிழ்த்துறைகளின் பொறுப்பு

இவையனைத்தும் நிரலர்கள் அறிந்த செய்திகளே, தமிழாய்வாளர் இவற்றில் தலையிடுவது எதற்கு எனக் கேட்கலாம். நிரலர் அறிந்திருப்பது உண்மை; கருவிகளின் விளக்கக் குறிப்புகளிலும் இவை வெளிப்படையாகவே உள்ளன. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துத்திரளைப் பிரிக்கும் வசதி சேர்ந்துவிட்டது. பிஎச்பி மொழியில் அதற்கெனத் தனிச் செயற்கூறு உண்டு. பைத்தானில் தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஓபன்-தமிழ் என்னும் திறமூல நிரலகம் உண்டு. ஆயினும் ஆய்வாளர் கையாள்வது இயல்பிருப்பில் உள்ள கருவியை. பிழையை அறிந்தவர் தமிழ்ப் பனுவலைப் பார்ப்பதில்லை. தமிழ்ப் பனுவலைப் பார்ப்பவர் பிழையை அறிவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப மூன்று செயல்கள் தேவை. முதலாவது, எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுக்கட்டுரை ஒவ்வொன்றும் தான் எண்ணிய அலகு யாது, பனுவல் எவ்வகையில் இயல்பாக்கப்பட்டது, எக்கருவியின் எப்பதிப்பு பயன்பட்டது, சொற்பிரிப்புக்குக் கொண்ட விதி யாது என்பவற்றைத் தெரிவிக்கவேண்டும். சுவடி ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் எச்சுவடியை மூலமாகக் கொண்டனர் எனச் சொல்வது எத்துணை இன்றியமையாததோ, இதுவும் அத்துணை இன்றியமையாதது. மதிப்பீட்டாளர் மாதிரிப் பட்டியலின் முதல் நூறு சொற்களைக் கேட்டுப்பெற்றுப் பார்த்தாலே பெரும்பிழைகள் புலப்பட்டுவிடும். உயிர்க்குறியோ புள்ளியோ அற்ற உருவங்களே நிறைந்த பட்டியல் தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, தமிழ்த்துறைகள் கூடி ஒரு சோதனைச் சொற்பட்டியலை உருவாக்கவேண்டும். சில நூறு சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் எழுத்தெண்ணிக்கை, ஒற்று நீக்கிய எண்ணிக்கை, அகராதி வரிசையில் பெறும் இடம், ஒன்றெனக் கொள்ளத்தக்க மாற்றுப் பதிவுகள், தலைகீழாக்கிய வடிவம் ஆகியன குறிக்கப்பட வேண்டும். 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கிரந்தக் கூட்டெழுத்துகளை எவ்வாறு கொள்வது என்பதில் அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவேண்டும். மென்பொருள் உருவாக்குவோர் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தம் கருவியைச் சோதனைத் தொகுதிகளால் சரிபார்ப்பது வழக்கம். திறமூலக் கருவிகளில் அத்தொகுதிகளுக்கு யாவரும் பங்களிக்கலாம். தமிழ்ச் சொல் ஒன்று அங்கு இடம்பெற்றுவிட்டால், தமிழைச் சிதைக்கும் மாற்றம் வெளியீட்டுக்கு முன்னரே பிடிபடும். இதனைச் செய்ய நிரலாக்கத் திறன் வேண்டுவதில்லை. இலக்கணத் தெளிவே வேண்டும்.

மூன்றாவது, முதுகலைப் பாடத்திட்டத்தில் எழுத்திலக்கணம் கற்பிக்கும் இடத்திலேயே எழுத்துக் குறியீடும் கற்பிக்கப்படவேண்டும். கணினித்தமிழ்த் தாள்கள் தட்டச்சு, எழுத்துரு, மின்னூல் என்னும் அளவில் நின்றுவிடாமல், ஒரு சொல் சேமிப்பில் எவ்வாறு உள்ளது, கருவி அதனை எவ்வாறு காண்கிறது என்பதையும் உணர்த்தவேண்டும். மாணவர் ஒருமுறை தம் கையால் ஐந்திணைப் பெயர்களைக் கருவியில் இட்டுப் பார்ப்பாராயின், எந்த எண்ணையும் வினவாமல் ஏற்கும் வழக்கத்தை விட்டுவிடுவார்.

முடிவுரை

ஒருங்குறி தமிழுக்கு உலகக் கணினிகள் அனைத்திலும் ஓர் இடத்தைப் பெற்றுத்தந்தது. தமிழ் திரையில் தெரிகிறது என்பதால் கருவி தமிழை அறிந்துகொண்டது என்று பொருளாகாது. பைட்டுகளைப் பிழையின்றிக் காத்தல் பொறியாளர் பணி. அப்பணி பெருமளவு நிறைவேறிவிட்டது. அப்பைட்டுகளுள் எழுத்து எது, சொல் எது என வரையறுத்துத் தருதல் மொழியறிஞர் பணி. அது இன்னும் தொடங்கப்படவேண்டிய நிலையிலேயே உள்ளது. தமிழ்த்துறைகள் அவ்வரையறையைத் தராதவரை கருவிகள் தம் இயல்பிருப்பைக் கொண்டே எண்ணிக்கொண்டிருக்கும். அவ்வெண்களும் ஆய்வேடுகளில் சான்றுகளாக ஏறிக்கொண்டேயிருக்கும்.